துளியின் கடைசி வரி

"மாப்ளய உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க தாயி. பயப்படாத. முடிஞ்சதும் நானே கூப்பிடுதேன்" என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வேலாயுதம் சொல்லிவிட்டுப் போனை வைத்ததிலிருந்து பிரம்மசக்திக்கு ஒரே வேலைதான், ஐந்தாவது வரியை எழுதாமல் இருப்பது. எழுதுவதைப் பெரிய வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் எழுதாமல் இருந்து பார்க்கட்டும், அப்போது தெரியும். முதல் வரிக்கு ஒரு சொல், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று, நாலாவதற்கு நாலு, கடைசிக்கு இரண்டே இரண்டு. மேலே கூர்மையாக ஆரம்பித்து, கீழே வரவர அகன்று, அடியில் உருண்டு முடியும் கண்ணீர்த் துளி. கோவில்பட்டியில் செத்துப்போனவர்களில் பாதிப் பேர் அஞ்சலி ஃபிளெக்ஸில் அந்தத் துளிக்குப் பக்கத்தில்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபிளெக்ஸ் கடை முதலாளி ஜெபராஜ் எங்கிருந்தோ இறக்கின டிசைன் அது, கறுப்புப் பின்னணி, வலதுபக்கம் போட்டோ, இடதுபக்கம் வெள்ளையாக ஒரு துளி. துளிக்குள் என்ன எழுதுவது என்று முழித்தவரிடம், டைப் அடிக்கத்தான் வேலைக்கு வந்த பிரம்மசக்தி, ஒருநாள் சும்மா இருக்கமாட்டாமல் ஐந்து வரி அடித்துக் கொடுத்தாள். அதோடு பிடித்தது. "அந்தக்கா எழுதுவாங்களே, அந்தத் துளி வச்சுப் போடுங்க" என்று கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஜெபராஜ் சொல்லத்தான் செய்வார், பழசையே பேரை மாத்திப் போடுக்கா, செத்த வீட்டுல யாரு ஒத்துப் பாக்கப் போறா என்று. மாட்டாள். ஒரு ஆளுக்கு எழுதினதை இன்னொரு ஆளுக்கு அவள் வைத்ததே கிடையாது. அவளுக்கென்று இருக்கிற ஒரே வீம்பு அதுதான். சம்பளத்தில் வீம்பு பிடிக்கத் தெரிந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு நிமிர்த்தி வைத்தாள். நாளைக்கு முகூர்த்த நாள், உள்ளே மிஷின் கரக் கரக்கென்று ஒரு மாப்பிள்ளையை நெற்றியிலிருந்து தாடைவரைக்கும் வரிவரியாக இறக்கிக்கொண்டிருந்தது. மை வாடை தொண்டைக்குள் இறங்கியது. கல்யாணத்தை நினை, கல்யாணத்தை நினை என்று மனசிடம் சொன்னாள். மனசு என்ன, சொன்ன பேச்சைக் கேட்கிற சாதியா? சொல்லச் சொல்லத்தான் திரும்பிப் பார்க்கும். தேநீரை. அதுதான் முதல் சொல். காலையில் விடியுமுன்னே வந்து விழுந்தது. ஊரில் எல்லாத் துளியும் அப்பா என்று ஆரம்பிக்கும், அம்மா என்று ஆரம்பிக்கும், அன்பே என்று ஆரம்பிக்கும். தேநீரை என்று ஆரம்பிக்கிற துளி உண்டா? அவள் என்ன செய்வாள், அவள் புருஷன் அப்போது டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பரிசோதனைக்குப் போகிறவர் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தனக்கு ஒரு மடக்குக்கூடக் கிடையாது, ஆனாலும் அடுப்படியில் நின்று இரண்டு தம்ளரை எடுத்து, மேலும் கீழுமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல். நெஞ்சில் அடைப்பு இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுகிற ஆளுடைய கையா அது? அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். பார்த்த கண்ணுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், முதல் வரிதான் வந்தது. என்ன பொம்பளை இவள்?

பொன்னுலிங்கம் டீ ஆற்றுவதில் பாசம் கீசம் என்று பேச்சே கிடையாது, அதையும் சொல்லவேண்டும். மோட்டார் காயில் கட்டுகிற ஆள், செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி விரலெல்லாம் காய்த்துப்போன ஆள். கல்யாணமான புதிதில் அவள் நாக்கு சூடு தாங்காது என்று டீயைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பாள், ஆடை படியும், ஆடை படிந்தால் அவளுக்குக் குமட்டும், கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தம்ளரைப் பிடுங்கி ஆற்றிக் கொடுத்துவிட்டு, "பாலு என்ன வானத்துலயிருந்தா வருது?" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் தினமும். அவளுக்கு ஆற்றி முடிப்பதற்குள் அவருடைய டீ ஆறிப்போயிருக்கும், அதை ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டு சட்டையை மாட்டுவார். அவர் சூடாக டீ குடித்து எத்தனை வருஷமிருக்கும்? பையன் பிறந்து, படித்து, திருப்பூருக்கு வேலைக்கும் போய்விட்டான். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட, உங்க டீயை முதல்ல குடிங்க என்று அவள் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றினதே இல்லை. எனக்காக ஆற்றியவரே. இரண்டாவது வரி பஸ் ஸ்டாண்டில் வந்தது, அண்ணன் கையைப் பிடிக்காமல் தானே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாரே அப்போது. "நீ வராத, நீ வந்து அழுதேன்னா நான் டாக்டரப் பாப்பேனா உன்னப் பாப்பேனா" என்று முந்தினநாளே சொல்லிவிட்டார். அவளும் சரி என்றுவிட்டாள். ஏன் சரி என்றாள்? முகூர்த்த வேலை கிடக்கிறதென்றா? வா என்று சொல்லியிருந்தாலும் போகாமல் இருந்திருப்பாளோ? உமதை மறந்து ஆறவிட்டவரே. மூன்று சொல், மூன்றாவது வரி, கடைக் கதவைத் திறக்கும்போது. இன்று இரண்டு தம்ளரும் ஆறிவிட்டன. நாலு.

நன்றாக இருக்கிறது. அதுதான் வம்பே. இத்தனை வருஷம் எழுதினதில் இதுபோல ஒன்று வரவில்லை. பாசக் கடலே இல்லை, பண்பின் சிகரமே இல்லை, இருட்டில் விட்டுச்சென்ற விளக்கே இல்லை, வீட்டில் கிடக்கிற தம்ளர்தான். ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது, துளிக்குள் அப்படியே போய் உட்காரும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான், மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. அங்கே புருஷனைக் கத்தீட்டர் மேஜையில் படுக்கப்போட்டிருக்கிறது, மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு நெஞ்சுக்குள்ளே பார்க்கிறார்கள், இங்கே இவள் நாலாவது வரி நல்லா வந்திருக்கு என்று உள்ளுக்குள் சப்புக்கொட்டுகிறாள். இது வெளியே வரவேண்டுமானால் அவர் சாகவேண்டும். வேறு வழியே இல்லை. உயிரோடு இருக்கிறவருக்குத் துளி போடுவார்களா? அப்படியானால் இவள் மனசின் ஒரு மூலையில் யாரோ உட்கார்ந்துகொண்டு, போட்டுப் பார்க்கலாமே, கறுப்பில் எடுப்பாக இருக்குமே என்கிறார்களா? சீ! விளக்குமாற்றால் அடிக்கவேண்டும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தண்ணீரை அண்ணாந்து குடிக்கும்போதே கடைசி வரி வாசலில் வந்து நின்றது, இரண்டு சொல். பார்க்கமாட்டேன் என்று அவசரமாக விழுங்கி, புரையேறி, இருமினாள். நல்லதாகப் போயிற்று, இருமலில் சொல் தெரியவில்லை.

முடிக்காவிட்டால் துளி இல்லை. அதுதான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிற கயிறு. அடி இல்லாத துளி ஒழுகிப்போகும், கணக்கில் வராது. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எட்டையபுரம் சித்தி இருக்கிறாளே, இருந்தாளே, காய்ச்சலாகக் கிடக்கிறாள் என்று பார்க்கப்போனபோது, சித்தி பேசிக்கொண்டே இருக்கிறாள், இவள் மனசு தன்பாட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. திரும்பிவரும் பஸ்ஸில் கடைசி வரியும் வந்து அழகாக உருண்டு முடிந்தது. அந்த வாரமே சித்தி போய்விட்டாள். அதேபோல எதிர்வீட்டு டெய்லர். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வாசலில் நிற்க விடுவார்களா? அதிலிருந்துதான் சொந்தக்காரர் யாரைப் பார்த்தாலும் மனசு இறங்க ஆரம்பித்தால் நாலாவது வரியோடு மடக்கிப் பிடித்துவிடுகிறாள். தங்கை, தங்கை மாப்பிள்ளை, அண்ணன், எல்லோரும் அவளுக்குள் நாலு வரியோடு நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், பாவம், அவர்களுக்குத் தெரியாது. புருஷனுக்கு மட்டும் முதல் சொல்கூட நேற்றுவரை வந்ததில்லை. வரவே வராது என்று நினைத்திருந்தாள். ஆனால் சோலையப்பன் தாத்தா இருக்கிறாரே, அவர் கணக்கை எதில் சேர்ப்பது? ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாயிற்று என்று மகன்கள் முன்கூட்டியே வந்து எழுதி வாங்கினார்கள். ஐயா, பாசக் கடலே, ஊருக்கு நிழலான ஆலமரமே, உம் குரலின்றி வீடு உறங்கவில்லை, வந்துவிடும் ஐயா. அந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து, கம்பை ஊன்றிக்கொண்டு நேரே கடைக்கு வந்துவிட்டார். "எனக்கு எழுதின துளியக் காட்டு தாயி." காட்டினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தவர், "என் சத்தம் இல்லாம வீடு தூங்கலையா? என் சத்தத்துனாலதான தாயி வீடே தூங்காமக் கிடந்துச்சு" என்றாரே, ஜெபராஜ் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தாத்தா அதற்கப்புறம் ரெண்டு தீபாவளி பார்த்துவிட்டுத்தான் போனார். அப்படியென்றால் முடித்தாலும் பிழைக்கலாம். முடித்துப் பார்க்கலாமா? வேண்டாம், வேண்டாம், சித்தி ஒன்று, டெய்லர் ஒன்று, இந்தப் பக்கம் தாத்தா மட்டும்தான்.

அழிக்கப் பார்த்தாள். தேநீரை என்ற சொல்லைத் தூக்கிவிட்டு அன்பே என்று வைத்தாள், மனசு அதைத் துப்பிவிட்டுத் தேநீரை என்றது. பாசக் கடலே என்று இரண்டாவது வரியில் திணித்தாள், நிற்கவில்லை. பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தாள், ஐந்தாவதில் எப்போதும் போலச் சறுக்கினாள். ஃபிளெக்ஸ் ஓரத்தில் கயிறு கோக்க ஓட்டை போடுகிற கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, டக், டக் என்று நாலு மூலையிலும் வளையம் வைத்தாள். டக், தேநீரை. டக், எனக்காக. கருவியைக் கீழே போட்டாள். போன் பேசாமல் கிடந்தது. அண்ணன் மறந்துவிட்டானா? மறக்கிற ஆள் இல்லையே. கூப்பிடலாம், ஆனால் அவன் எடுத்து ஒன்றும் சொல்லாமல் நின்றால்? அழுகிற ஆள் போனை எடுத்தவுடன் பேசமாட்டான், ஒரு மூச்சு விடுவான். அந்த மூச்சைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவர் இல்லாவிட்டால் காலையில் எழுந்து என்ன செய்வாள் என்று யோசித்தாள். டீ போடுவாள், கீழே வைப்பாள், ஆடை படியும், கொட்டுவாள். அதற்கப்புறம்? அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

"துளி வச்சு எழுதுவாங்களாமே, அது நீங்களாக்கா?" என்று வாசலில் ஒரு பெண் கேட்டாள். கையில் மஞ்சள் பை, அதிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தாள். காக்கிச் சட்டையில் ஒருவர், மீசை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். பேர் அய்யாத்துரை, ஆட்டோ ஓட்டினவர். நாளைக்கு ஒரு வருஷம். பஸ் ஸ்டாண்டில் அவர் வண்டி நிறுத்துகிற இடத்திலேயே சாயங்காலத்துக்குள் கட்டிவிடலாம் என்று ஸ்டாண்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அந்தப் பெண் தங்கமாரி, அவர் சம்சாரம். அழவில்லை. ஒரு வருஷமாகிவிட்டதே, அழுவதற்கு வேறு நேரம் வைத்திருப்பாள்.

"உக்காருங்கம்மா. அவரப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்க, அதுக்கேத்தாப்ல எழுதுவோம்."

"என்னத்தச் சொல்ல? ஆட்டோ ஓட்டுனாரு. காலைல போவாரு, ராத்திரி வருவாரு." யோசித்தாள். "நல்லவருன்னு போடுங்க."

நல்லவர். நல்லவருக்கு அவளிடம் ஆயிரம் சொல் உண்டு, வேறு நாளாக இருந்தால் தங்கமாரி தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எழுதியிருப்பாள். இன்றைக்கு ஒன்றும் இல்லை. துளி வெள்ளையாகத் திரையில் நிற்கிறது, அவளுக்குள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது அடைத்துக்கொண்டு நிற்கிறது, அது நகர்ந்தால்தான் இன்னொன்று வரும். அப்போதுதான் தோன்றியது. ஒரு ஆளுக்கு எழுதினதை இன்னொரு ஆளுக்கு வைக்கமாட்டாள் அல்லவா? இதை இந்த மனுஷனுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு இது பொன்னுலிங்கத்துக்கு ஆகாது. எப்போதுமே ஆகாது. அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் இது வரவே முடியாது. அய்யாத்துரை ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர், அவருக்கு இனிமேல் என்ன குறைந்துவிடப் போகிறது? தப்புதான். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளிடம் தன் புருஷன் தலைமேல் நிற்பதைத் தூக்கிக் கொடுக்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. கை கேட்கவில்லை. தேநீரை, அடித்தாள். எனக்காக ஆற்றியவரே. உமதை மறந்து ஆறவிட்டவரே. இன்று இரண்டு தம்ளரும் ஆறிவிட்டன. காலையிலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்த இரண்டு சொல்லையும் கடைசியில் உள்ளே விட்டாள். யார் குடிக்க?

திரையைத் திருப்பிக் காட்டினாள். தங்கமாரி எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். உதட்டை அசைத்து, விரலை வரிக்குக் கீழே வைத்து, மெதுவாக இறங்கினாள். அடிவரைக்கும் போனவள் மறுபடி மேலே போனாள். பிரம்மசக்தி போனைப் பார்த்தாள், துளியைப் பார்த்தாள், எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இவரு எனக்கு டீ ஆத்திக் குடுத்ததே இல்லையேக்கா" என்றாள் தங்கமாரி. "ஒருநாளும்."

"அழிச்சிருதேம்மா. வேற எழுதுவோம்."

"இல்ல இல்ல, இருங்க." கையைத் திரைக்கு முன்னால் நீட்டிவிட்டாள், யாரோ பிடுங்கப் போவதுபோல. "இருக்கட்டும். டீ என்ன, தண்ணிகூட நானா மோந்து குடிச்சாத்தான். அடிக்க மாட்டாரு, ஏச மாட்டாரு, நீ ஒருத்தி இருக்கேன்னு ஏறிட்டும் பாக்க மாட்டாரு. அதுக்காக ஊருக்கு அதையா எழுத முடியும்?" விரலை மறுபடி முதல் வரியில் வைத்தாள். "நாளைக்கு பஸ்ஸுக்கு நிக்கிறவங்கள்லாம் வாசிப்பாங்கல்ல?"

"வாசிப்பாங்க."

"அவளுக்கு அப்படி ஒருத்தன் வாச்சிருக்கான்னு நெனச்சுட்டுப் போகட்டும். போடுங்க." எழுந்தவள் பையை மடித்துக்கொண்டே கேட்டாள். "உங்க வீட்டுல ஆத்திக் குடுப்பாகளாக்கா?"

பிரம்மசக்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தங்கமாரி ஸ்டாண்டுக்காரர்களிடம் சொல்லப் படியிறங்கிப் போனாள். அவள் போனதும் பிரம்மசக்தி அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை, எங்கே இருந்ததோ. ஜெபராஜ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மனுஷனுக்கு விவரம் உண்டு, பேசாமல் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளை முடிந்து, அய்யாத்துரை இறங்க ஆரம்பித்தார். முதலில் துளியின் நுனி வந்தது. போன் அடித்தபோது அவள் எடுக்கவில்லை, அது அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள், நிற்கப்போகிற சமயத்தில்தான் எடுத்தாள். மூச்சு ஒன்றும் கேட்கவில்லை. "ஏ தாயி, ஒரே ஒரு இடத்துல சின்ன அடைப்புதானாம். மாத்திரையே போதும்னுட்டாங்க. பசிக்குதுன்னு என் உசுர வாங்குதாரு மாப்ள. பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவோம்" என்று அண்ணன் கத்தினான். சரி என்றாள். சரி, சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவள் காத்து நிற்க, பஸ்ஸிலிருந்து இறங்கினவருக்கு முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது, வலது மணிக்கட்டில் கட்டு, மற்றபடி காலையில் போன ஆளேதான். அண்ணன் அதே பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டான். "ஒரு டீ குடிச்சுட்டுப் போவோம் சக்தி, வாயெல்லாம் மருந்தா இருக்கு" என்று அவர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடைக்கு நடந்தார். அவள் வேண்டாம், வீட்டில் குடிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் சொல்லியாயிற்று, ரெண்டு டீ. எதிரே இரண்டு கம்பத்துக்கு நடுவில் அய்யாத்துரை கட்டப்பட்டிருந்தார், விளக்குப் போட்டாகிவிட்டது, துளி நல்ல வெளிச்சத்தில் இருந்தது. அதற்குக் கீழே, தூண் ஓரமாகத் தங்கமாரி நின்றாள், ஃபிளெக்ஸைப் பார்க்கவில்லை, அதை நின்று வாசிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ வந்தது. பொன்னுலிங்கம் பழக்கத்தில் அவளுடைய கிளாஸை எடுத்தார், தூக்க முடியாமல் முகத்தைச் சுளித்தார். "கையை அசைக்கக் கூடாதுன்னாங்க" என்றார், குற்றம் செய்துவிட்டவர்போல. அவள் கடைக்காரரிடம் கையை நீட்டி ஒரு காலிக் கிளாஸ் வாங்கி, அவருடைய டீயை எடுத்து ஆற்ற ஆரம்பித்தாள். பாதி வெளியே போயிற்று, விரலைச் சுட்டது, சேலையில் சிந்தியது. அவர் சிரித்தார். "இத்தன வருசம் பாத்துட்டுத்தான இருந்த, இதுகூடத் தெரியலையா உனக்கு?" அவள் சிந்திக்கொண்டே ஆற்றினாள். அவர் எதிரே நிமிர்ந்து பார்த்தார். வரிவரியாக வாசித்தார், அவர் இறங்குவதை அவளால் கண்ணிலேயே பார்க்க முடிந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கடைசி வரியில் கொஞ்சம் நின்றார்.

"நீ எழுதுனதா?"

"ஆமா."

"இப்படியும் ஒருத்தன் இருந்திருக்கான் பாரேன்" என்றார் பொன்னுலிங்கம். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார், அந்த முகத்தில் வேறு ஒன்றும் இல்லை. "அந்தப் பொம்பள குடுத்து வச்சவ."

பிரம்மசக்தி கிளாஸை அவருடைய இடது கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்தாள்.

"குடிங்க" என்றாள். "ஆறிப் போயிரும்."